கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கிறவனுக்கு பூர்வகுடி கோர்ஸ் எதுக்கு?

குளிர்_தாங்கல:
கனடாவுல வின்னிபெக்ல படிக்கிறேன், செகண்ட் இயர். டிகிரி வாங்கணும்னா பூர்வகுடிகள் பத்தின கோர்ஸ் ஒண்ணு, மூணு கிரெடிட், கட்டாயம் எடுத்தே ஆகணுமாம். வெளிநாட்டு ஸ்டூடண்ட் ஃபீஸ் எவ்ளோன்னு உங்களுக்கே தெரியும், வீட்ல நகைய அடகு வச்சு அனுப்புறாங்க. வெள்ளக்காரன் பண்ணதுக்கு அவன் படிக்கட்டும், நான் ஏன்? ஈஸியா மார்க் வர்ற கோர்ஸ் எதுன்னு யாராச்சும் சொல்லுங்க.

ஏரிக்கரை:
தம்பி காலைல டீ போட்டியா? அந்தத் தண்ணி ஷோல் லேக்ங்கிற ஏரிலேந்து வருது. சுமார் 150 கிலோமீட்டர், பம்பு இல்லாம சரிவுலயே ஓடி வர்ற மாதிரி 1919ல கட்டி முடிச்சாங்க, கெட்டிக்கார வேலைதான். ஆனா அதுக்காக அங்க இருந்த ஷோல் லேக் 40ங்கிற அனிஷினாபே பூர்வகுடி ஜனங்கள ஊரோட நகர்த்தி, பக்கத்துல ஒரு கால்வாயும் வெட்டினதுல அவங்க இருந்த இடமே தீவா போச்சு. கோடையில படகு, குளிருக்கு ஐஸ் மேல நடை. இதுல கொடும என்னன்னா ஊருக்கெல்லாம் அந்த ஏரித் தண்ணி, அவங்களுக்கு மட்டும் 1997லேந்து 'கொதிக்க வச்சு குடிங்க'ன்னு நோட்டீஸ். ரோடு வந்தது 2019ல, சுத்திகரிப்பு நிலையம் 2021ல. எங்க கிளாஸ்ல மொத நாள் டீச்சர் ஒரு டம்ளர் பைப்பு தண்ணிய மேஜைல வச்சுட்டு பேசவே இல்ல, ரெண்டு நிமிஷம் எல்லாரும் அதையே பாத்துட்டு இருந்தோம். உனக்கு சம்பந்தம் இல்லங்கிற?

புத்துமண்:
வரலாறு மட்டும் இல்ல ப்ரோ, அவங்க அறிவும் இருக்கு. 2017ல ஃப்ளோரிடா யூனிவர்சிட்டிக்காரங்க எவர்க்ளேட்ஸ் சதுப்பு நிலத்துல பர்மா மலைப்பாம்பு பிடிக்க யார கூப்பிட்டாங்க தெரியுமா, நம்ம செங்கல்பட்டு பக்கத்து இருளர் மாசி சடையனையும் வடிவேல் கோபாலையும். மத்தவங்க ரோட்டோரம் கரையோரம் தேடிட்டு இருக்க இவங்க நேரா அடர்ந்த புதருக்குள்ள போனாங்க, மொத எட்டு நாள்ல 13 பாம்பு. 2023ல ரெண்டு பேருக்கும் பத்மஸ்ரீ. அவங்க மாதிரி ஆளுங்கள நம்மூர் விலங்கியல் டிபார்ட்மெண்ட்ல எத்தன பேரு கூப்பிட்டு பாடம் எடுக்க வச்சிருக்கோம்? நானும் எம்எஸ்சி முடிச்சவன்தான், நாகப்பாம்ப ஃபார்மலின் பாட்டில்ல பாத்ததோட சரி.

சும்மா_வந்தேன்:
எனக்கு கட்டாயம்ங்கிறதுதான் பிடிக்கல. நான் வேற ஊர்ல எடுத்தேன், 120 பேரு ஹால்ல, லெக்சரர் ஸ்லைட வாசிச்சாரு, ஒரு நாள் பெரியவர் ஒருத்தர கூட்டிட்டு வந்து பத்து நிமிஷம் பேச விட்டு கைதட்டி அனுப்பிட்டாங்க. அவருக்கே சங்கடமா இருந்துச்சு. 2015ல கனடாவோட உண்மை, நல்லிணக்க ஆணையம் (உறைவிடப் பள்ளி கொடுமைய விசாரிச்சது) 94 பரிந்துரை கொடுத்துச்சு, சரி, குடும்பத்துலேந்து பிரிச்சு அந்தப் பள்ளியில அடைச்ச ஒன்றரை லட்சம் பூர்வகுடிப் பிள்ளைங்க கதைய ஒரு குவிஸ்ல முடிச்சா என்ன அர்த்தம்? எடுக்குறதா இருந்தா அந்த சமூகத்து ஆளே நடத்துற செக்‌ஷனா பாத்து எடு, மார்க்க விடு.

குளிர்_தாங்கல:
தண்ணி மேட்டர் சத்தியமா தெரியாது. ஃபீஸ் கடுப்பு அப்படியேதான் இருக்கு. தண்ணியும் நிலமும் பத்தி ஒரு கோர்ஸ் இருக்கு, அனிஷினாபே மேடம்தான் எடுக்குறாங்க, பாத்தா வெயிட்லிஸ்ட்ல 14வது ஆளு நான் 😐