டெவன் கிராமத்து அக்கா வீட்டுக்குச் சின்னப் பிள்ளைகளோடு போகிறோம்: எதைக் கவனிக்க வேண்டும்?

மல்லாவி அம்மா எழுதியது:

வணக்கம். நாங்கள் இலங்கையின் முல்லைத்தீவு மாவட்டத்து மல்லாவியில் இருக்கிறோம். இங்கிலாந்தின் டெவன் பகுதியில், எக்ஸ்டர் நகரத்துக்கு வடக்கே ஒரு கிராமத்தில் என் மூத்த அக்கா குடும்பத்தோடு இருக்கிறார். பன்னிரண்டு வருடமாகத் தொலைபேசித் திரையில் மட்டும் பார்த்துவந்த அவரை வரும் ஆகஸ்டில் நேரில் பார்க்கப் போகிறோம்; விசாவும் கிடைத்துவிட்டது. மகளுக்கு 6 வயது, மகனுக்கு இரண்டரை. அக்காவுக்கு 8 வயதிலும் 5 வயதிலும் இரண்டு பிள்ளைகள்.

என் பிள்ளைகள் வளவு முழுக்க வெறுங்காலோடு ஓடித் திரிந்து, பசித்தால் எந்த வீட்டுக் குசினிக்குள்ளும் நுழைந்துவிடுகிறவர்கள். போய்வந்தவர்களிடம் கேட்டால் இலண்டன் கோயில்களையும் கடைத்தெருக்களையும் பற்றித்தான் சொல்கிறார்கள். நாட்டுப்புறத்தில் மூன்று வாரம் பிள்ளைகளை எப்படி வைத்திருப்பது என்று சொல்ல ஆளில்லை. அத்தானோ முதல் வாரமே இலண்டனில் ஐந்து நாள் சுற்றிக் காட்டுவதாகத் திட்டம் போட்டிருக்கிறார். இது சரிவருமா?

வவுனியாவிலிருந்து ஒரு பதில்:

தங்கச்சி, முதலில் காரைப் பற்றிக் கேளுங்கள், மற்றதெல்லாம் பிறகு. அங்கே 12 வயது ஆகும்வரை, அல்லது 135 சென்ரிமீற்றர் உயரம் வரும்வரை, பிள்ளைகள் அவர்களுக்கென்று உள்ள இருக்கையில்தான் காரில் போக வேண்டும் என்பது சட்டம். மடியில் வைத்துக்கொண்டு போகும் நம்முடைய பழக்கம் அங்கே செல்லாது. உங்கள் இருவரையும் அக்காவின் இருவரையும் சேர்த்தால் நான்கு இருக்கை, அதற்குமேல் நான்கு பெரியவர்கள். சாதாரணக் கார் ஒன்றில் இது அடங்காது. நாங்கள் மச்சாள் வீட்டுக்குப் போனபோது இதை யோசிக்காததால், ஒவ்வொரு பயணத்துக்கும் இரண்டு பெரியவர்கள் வீட்டில் நிற்க வேண்டியதாயிற்று. அதில் ஒருவர் எப்போதும் நானாகவே இருந்தேன் என்பது வேறு கதை.

முதல் வாரத்தில் இலண்டன் வேண்டவே வேண்டாம். கோடையில் அவர்களுடைய நேரம் நம்மைவிட நாலரை மணித்தியாலம் பின்தங்கியது. இங்கே காலை 6 மணிக்கு எழும்பும் பிள்ளை அங்கே இரவு ஒன்றரைக்கு எழும்பி விளையாட்டுச் சாமான் கேட்கும். போதாக்குறைக்கு ஆகஸ்ட் தொடக்கத்தில் டெவனில் சூரியன் மறைய இரவு 9 மணியாகிவிடும். "இன்னும் வெளிச்சம் இருக்கிறதே" என்று சொல்லும் ஆறு வயதுப் பிள்ளைக்கு நீங்கள் என்ன பதில் சொல்வீர்கள்? தடித்த யன்னல் சீலை இருக்கிறதா என்று அக்காவிடம் கேளுங்கள். இலண்டனைக் கடைசிக்கு வைத்து, எக்ஸ்டரிலிருந்து புகையிரதத்தில் போங்கள். பயணம் இரண்டு மணித்தியாலத்துக்குச் சற்று மேல். 5 வயதுக்குக் குறைந்த மகனுக்குக் கட்டணம் இல்லை, மகளுக்கு அரைக்கட்டணம்.

வட டெவனில் இருந்து, ஊர் முள்ளியவளை:

மேலே அண்ணா சொன்னது சரி. பிள்ளைகளை எங்கே விடுவது என்ற கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன். இங்கே வயல்களுக்கு நடுவே பொதுமக்கள் நடப்பதற்கென்று சட்டப்படி உரிமையுள்ள ஒற்றையடிப் பாதைகள் இருக்கின்றன. மஞ்சள் அம்புக்குறி போட்ட கம்பம் வழி காட்டும். மிதிவெடிக்குப் பயந்து பாதை விலகாதே என்று சொல்லி வளர்க்கப்பட்டவள் நான். அடுத்தவர் காணிக்குள் கால் வைக்க முதல் வருடம் முழுவதும் கூசியது. இப்போது என் பிள்ளைகள் வேலியில் உள்ள கடப்பில் ஏறி, நான் வருவதற்குள் மறுபக்கம் குதித்துவிடுகிறார்கள். ஊரில் சிறுவயதில் பாலைப்பழத்துக்கு அலைந்ததுபோல, ஆகஸ்டில் வேலிப் பற்றைகளில் பழுக்கும் பிளாக்பெரிக்காக அலைவார்கள். வாயும் சட்டையும் ஊதாவாகிவிடும், நல்ல உடுப்புப் போட்டு அனுப்ப வேண்டாம்.

ஆனால் வெறுங்கால் கூடாது. நம்முடைய காஞ்சோண்டியைப் போலச் சுணைக்கும் நெற்றில் என்ற செடி பாதையோரமெல்லாம் நிற்கும். நீளக் காற்சட்டையே போதுமான காவல். உயர்ந்த புல்லுக்குள் நடந்துவந்தால் முழங்கால் மடிப்பிலும் காதின் பின்னாலும் உண்ணி இருக்கிறதா என்று பாருங்கள், ஏனென்றால் சில உண்ணிகள் லைம் என்ற நோயைப் பரப்பும். படலை திறந்திருந்தால் திறந்தபடியும், சாத்தியிருந்தால் சாத்தியபடியும் விட்டுப் போக வேண்டும். நம் பட்டி மாடுகளோடு பழகிய தைரியத்தில் கன்றோடு நிற்கும் மாட்டுக்குக் கிட்டப் போகாதீர்கள். இவை ஆளை முட்டி மிதிக்கும்.

கடலைப் பற்றியும் ஒன்று. முல்லைத்தீவுக் கரையில் வற்றுப் பெருக்கை நாம் பெரிதாகக் கவனிப்பதில்லை, ஓரிரு அடிதான். இங்கே வட டெவன் கரையில் அமாவாசையையும் பறுவத்தையும் ஒட்டிய நாள்களில் அது 8 மீற்றர் அளவுக்கு வரும். காலையில் பிள்ளைகள் மண்வீடு கட்டிய இடம் பின்னேரம் கடலுக்கடியில் கிடக்கும். நேர அட்டவணையைப் பார்த்தே போங்கள். குளிப்பதென்றால் சிவப்பு மஞ்சள் கொடிகளுக்கு நடுவில் மட்டும்.

மல்லாவி அம்மா:

இருவருக்கும் மிக்க நன்றி. அக்கா கருவாடும் வீட்டில் உருக்கிய நெய்யும் கேட்டிருக்கிறார். கொண்டுபோகலாமா?

வட டெவனில் இருந்து, ஊர் முள்ளியவளை:

நெய் வேண்டாம். இலங்கையிலிருந்து இறைச்சியும் பால்பொருளும் உள்ளே விடமாட்டார்கள். கருவாடு சொந்தப் பாவனைக்குக் கொண்டுவரலாம், ஆனால் மூன்று உறைக்குள் கட்டுங்கள்; எங்கள் பெட்டியிலிருந்த பிள்ளைகளின் உடுப்பு இரண்டு தரம் தோய்த்தும் மணம் போகவில்லை. ஒடியல் மாவுக்கு இடம் வையுங்கள். அக்கா கேட்காவிட்டாலும் கொண்டுவாருங்கள்.

மல்லாவி அம்மா:

நேற்றிரவு இரண்டு பேரையும் கதவு நிலையோடு நிறுத்தி அளந்தேன். மகள் 114 சென்ரிமீற்றர், மகன் 90. அக்காவுக்கு எழுதினேன், அத்தான் பக்கத்து வீட்டில் இரண்டு இருக்கைகள் இரவல் கேட்டிருக்கிறாராம், இலண்டனையும் கடைசி இரண்டு நாளுக்குத் தள்ளிவிட்டார்.