நேர் ரோட்லயே அடாப்டிவ் க்ரூஸ் சும்மா சும்மா பிரேக் போடுது, என்னன்னு பாத்து சொல்லுங்க

ராத்திரிவண்டி:
கார் வாங்கி ஒன்றரை வருஷம் ஆச்சு, ஏசிசி (முன்னாடி போற வண்டிக்கு ஏத்த மாதிரி வேகத்த தானே குறைச்சு கூட்டற அடாப்டிவ் க்ரூஸ்) இதுவரைக்கும் நல்லாதான் இருந்துச்சு, இப்போ ஒரு மாசமா ஹைவேல 90ல செட் பண்ணிட்டு போனா முன்னாடி ஈ காக்கா இல்லாதப்பவும் பக்கத்து லேன்ல லாரி வந்தா டக்குனு பிரேக் புடிக்குது. நேத்து பின்னாடி வந்தவர் ஹாரன்ல இருந்து கையவே எடுக்கல, பின்சீட்ல தூங்கிட்டிருந்த அம்மா முழிச்சு ஒரே திட்டு. முன் வண்டிக்கு விடற கேப்ப 4 கோட்டுல இருந்து 1க்கு குறைச்சும் பாத்துட்டேன், அதே கதைதான். வார்னிங் லைட் எதுவும் வரல. சென்சார் போச்சா?

மூணாவதுகியர்:
வளைவுலயா? அப்படின்னா சகஜம் ப்ரோ, வளைவுல பக்கத்து லேன் லாரி, முன்னாடி வண்டிய பாக்கற ரேடாருக்கு நேர் எதிர்ல வந்த மாதிரி ஆயிடும். அப்புறம் அந்த கேப்ப முதல்ல ஏத்துங்க, 90ல ஒரு செகண்டுக்கு 25 மீட்டர் ஓடுது.

ராத்திரிவண்டி:
நேர் ரோட்லயும் போடுதுங்க, அதான் பயமா இருக்கு.

சும்மாஒருத்தன்:
பேட்டரிய கழட்டி மாட்டுங்க, ரீசெட் ஆயிடும்.

ஸ்பேனர்செட்:
பேட்டரிய தொடாதீங்க, அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. தம்பி, சமீபத்துல முன் பம்பர கழட்டி மாட்டுனீங்களா?

ராத்திரிவண்டி:
அய்யோ ஆமாண்ணே! தூண்ல உரசிடுச்சுன்னு வெளில ஒரு ஒர்க்‌ஷாப்ல கழட்டி பெயிண்ட் அடிச்சேன். அதுக்கப்புறம்தான் ஆரம்பிச்சிருக்கு, யோசிக்கவே இல்ல.

ஸ்பேனர்செட்:
அங்கதான் இருக்கு விஷயம். முன் பம்பர் பக்கம் இருக்கற ரேடார் 1 டிகிரி திரும்பினாலே 100 மீட்டர் தூரத்துல 1.75 மீட்டர் தள்ளிப் பாக்கும், லேன் அகலமே சுமார் மூணரை மீட்டர்தான், பாதி லேன் அங்கயே போச்சு. ஸ்கேனர் போட்டு, முன்னாடி டார்கெட் போர்டு நிறுத்தி காலிபிரேஷன் (ரேடார நேரா பாக்க வைக்கறது) பண்ணணும், சில வண்டிக்கு ரோட்ல ஓட்டியே பண்ணுவாங்க. ரேடாருக்கு முன்னாடி இருக்கற பிளாஸ்டிக்ல புட்டி கனமா வச்சிருக்காங்களான்னும் பாக்கச் சொல்லுங்க, அதுவும் சிக்னல கெடுக்கும். அதுவரைக்கும் ஏசிசி பக்கமே போகாதீங்க. வெறும் ரோட்ல பிரேக் போடறத விட, நேரா இருக்கற வண்டிய பாக்காம விடறதுதான் ஆபத்து.

மூணாவதுகியர்:
இதோட இன்னொண்ணு, காலிபிரேஷன் சரியா இருந்தாலும் அசையாம நிக்கற வண்டிக்கு ஏசிசி பிரேக் போடும்னு நம்பாதீங்க. முன்னாடி போற கார் சட்டுனு விலகி, அங்க ஒரு லாரி நின்னுட்டிருந்தா பல சிஸ்டம் கோட்டை விட்டுடும்.

ராத்திரிவண்டி:
அண்ணே, கம்பெனி சர்வீஸ் சென்டர்ல காட்டிட்டு வந்தேன். ரேடார் மாட்டியிருக்கற பிராக்கெட் ஒரு பக்கம் லேசா வளைஞ்சிருக்கு, என் கண்ணுக்கு தெரியவே இல்ல, அவங்க லெவல் வச்சு காட்டின பிறகுதான் தெரிஞ்சுது. பிராக்கெட் மாத்தி காலிபிரேட் பண்ணியாச்சு, நேத்து ராத்திரி 140 கிலோமீட்டர் ஓட்டினேன், லாரி லாரியா தாண்டினேன், ஒரு தடவ கூட பிரேக் போடல. கேப் இப்போ 3 கோட்டுல. அம்மா மட்டும் வழி முழுக்க தூங்கவே இல்ல.