பழைய நீர் ஆலை: சக்கரம் இல்லை, உள்ளே பற்சக்கரங்கள் இருக்கின்றன

கேள்வி: நீரால் ஓடிய பழைய மாவு ஆலை இது. வெளியே இருந்த நீர்ச்சக்கரம் போய்விட்டது, இரும்பு அச்சும், மரப்பற்கள் பொருத்திய குழிச்சக்கரமும் (அச்சோடு சேர்ந்து குழிக்குள் சுழலும் பெரிய பற்சக்கரம்), மேல்தளத்தில் இரண்டு ஜோடி அரவைக் கற்களும் மீதம். சக்கரம் எந்த வகை? அச்சைச் சுழற்றிப் பார்க்கலாமா?

பதில்: சுவரைப் பாருங்கள். சக்கரம் உரசிய வளைவான கீறல் இருந்தால், அச்சின் மையத்திலிருந்து அதுவரை அளந்தால் ஆரம் கிடைக்கும். கால்வாய் வளைவின் உச்சியில் வந்து முடிந்தால் மேலிருந்து நீர் விழுந்த சக்கரம். அச்சு மட்டத்தில் வந்து, கீழே வளைந்த கல்தளம் இருந்தால் இடைமட்டச் சக்கரம்.

பதில்: இப்போதைக்குச் சுழற்றாதீர்கள்! முதலில் கல்லை ஓட்டும் சிறு பற்சக்கரங்களைப் பிணைப்பிலிருந்து தூக்கிவிடுங்கள். தானியமில்லாமல் கல்லோடு கல் உரசினால் கொத்து (கல்லில் வெட்டிய அரவை வரிகள்) மழுங்கும், தீப்பொறியும் பறக்கும். மாவுத்தூசி படிந்த கட்டடத்தில் அது ஆபத்து. மரப்பற்கள் உலர்ந்து சுருங்கித் தளர்ந்திருக்கும், ஆப்புகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பாருங்கள். மரத்தை இரும்போடு இணைத்ததே சத்தம் குறையவும், ஏதாவது சிக்கினால் பல் மட்டும் உடையவும்தான். பற்களை எண்ணுங்கள்: 96க்குப் பதில் 97 இருந்தால் பிழையல்ல, அதே இரு பற்கள் அடிக்கடி சந்திக்காமல் தேய்மானம் பரவ வைத்த கூடுதல் பல்.

பதில்: குழிச்சக்கரத்தின் கீழ்ப்பாதி சேற்றில் புதைந்திருக்கும். அதை அள்ளிய பிறகே துருவை மதிப்பிட முடியும்.