சர்ச்சுல ஒரே கிண்ணம், வீட்ல தனி டம்ளர். நான் திருவிருந்துக்குப் போகலாமா?

கேஜிஎஃப்_மக:
எல்லாருக்கும் ஸ்தோத்திரம். ரெண்டு வாரமா சரியா தூக்கம் இல்ல, யார்கிட்ட கேக்கறதுன்னு தெரியாம இங்க எழுதுறேன். நாங்க கேஜிஎஃப் (கோலார் தங்க வயல்) ஆளுங்க, 2001ல மைன்ஸ மூடினப்ப அப்பாவுக்கு வேலை போய் பெங்களூர் வந்தோம், காக்ஸ் டவுன் பக்கம் ஒரே ரூம். அம்மா எங்க சபையிலயே ஒருத்தர் வீட்ல வேலைக்கு சேந்தாங்க, பதினோரு வருஷம் செஞ்சாங்க. அவரு சர்ச் கமிட்டியில இருக்காரு, செய்தியும் (பிரசங்கம்) குடுப்பாரு, சண்டே ஸ்கூல்ல எனக்கு மனப்பாட வசனம் சொல்லிக்குடுத்ததே அவருதான். அந்த வீட்ல அம்மாவுக்கு தனி டம்ளர், பின்பக்கம் துணி துவைக்கிற கல்லு மேல கவுத்து வெச்சிருப்பாங்க. ஸ்கூல் விட்டு நான் அங்க போனா எனக்கும் அதுலதான் காப்பி. அந்த வயசுல ஒண்ணும் தோணல.

போன மாசம் அவருக்கு உடம்பு முடியலன்னு பாக்கப் போனேன். இப்ப நான் கம்பெனியில இருக்கேன்ல, சோபால உக்கார வெச்சு பீங்கான் கப்ல காப்பி குடுத்தாங்க. இப்ப அங்க வேலை செய்யுற அக்காவும் எங்க சபைதான். அவங்க பின்னாடி நின்னுகிட்டே குடிச்சாங்க, அதே கல்லு, தனி ஸ்டீல் டம்ளர். கப்ப கீழ வெச்சுட்டேன், குடிக்க முடியல.

அடுத்த ஞாயிறு அவர்தான் செய்தி. கலாத்தியர் 3:28, யூதனென்றும் கிரேக்கனென்றுமில்லை, அடிமையென்றும் சுயாதீனனென்றுமில்லை. கண்ணு கலங்கித்தான் பேசினாரு, நடிச்ச மாதிரி தெரியல, அதான் எனக்கு இன்னும் குழப்பம். அப்புறம் திருவிருந்து, இயேசு நினைவா அப்பமும் ரசமும் எடுக்கறது. எங்க சபையில இன்னும் ஒரே கிண்ணம், வரிசையா முழங்கால் போட்டு குடிப்போம். அவரு குடிச்சதும் அடுத்து அந்த அக்கா அதே கிண்ணத்துல குடிச்சாங்க. நான் எந்திரிக்கவே இல்ல, அம்மா திரும்பித் திரும்பிப் பாத்தாங்க. இவ்வளவு கசப்ப வெச்சுகிட்டு எடுத்தா நான்தானே பைபிள் சொல்ற மாதிரி அபாத்திரமாய், தகுதியில்லாம, எடுக்கறவ? எடுக்காம எத்தன நாள் இருக்கறது?

விட்டுவந்தவன்:
சிஸ்டர் நான் அஞ்சு வருஷம் முன்னாடியே விட்டுட்டேன். எங்க சபையில எலெக்ஷன்னு வந்தா எந்த ஊரு, எந்த ஜாதின்னு பாத்துதான் ஓட்டு, பொண்ணு பாக்குறப்பவும் அதேதான், ஆனா மேடையில எல்லாரும் சகோதரர். 1833ல கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன் சபைக்குள்ள ஜாதி கூடவே கூடாதுன்னு கடிதம் அனுப்பினாரு, வேப்பேரியிலயும் தஞ்சாவூர்லயும் நிறைய பேரு அதுக்காக சபையையே விட்டுப் போனாங்க. ஜாதிய விட மாட்டோம், சர்ச்ச வேணா விடுறோம்னு போனவங்க. கிட்டத்தட்ட இருநூறு வருஷம் ஆச்சு, இன்னும் டம்ளர் வெளிய இருக்கு. வீட்ல உக்காந்து ஜெபம் பண்ணுங்க, ஆண்டவர் கேப்பார்.

சிவாஜிநகர்_ஆரோக்கியம்:
பாப்பா நாங்க ஆர்சி, ரோமன் கத்தோலிக்க. வர்ற செப்டம்பர் 8 மாதா திருவிழாவுக்கும் காவி சேலை கட்டி விரதம் இருப்பேன், அதனால சொல்றேன் கோவில விடாத. நன்மை (நீங்க திருவிருந்துன்னு சொல்றது) குடுக்குற கை எப்படிப்பட்டதா இருந்தாலும் குடுக்குறவர் ஆண்டவர்தான், பழைய காலத்து பிஷப் அகுஸ்தினார் காலத்துலயே இந்த சண்டை வந்து அவரு இதத்தான் சொன்னாரு. இன்னொண்ணு, இயேசு கண்டிக்கிற இடத்துல உங்க பைபிள்ல மாயக்காரரேன்னு இருக்கும், எங்க பொது மொழிபெயர்ப்புல வெளிவேடக்காரரேன்னு வரும். கிரேக்கத்துல அந்த வார்த்தை நாடகத்துல நடிக்கிறவனுக்கு சொல்றது. அவரு அழுதது வேஷமா இருக்கணும்னு இல்லம்மா, பின்பக்கத்து கல்லு அவரு கண்ணுக்குப் படாமலே இருந்திருக்கும்.

கேஜிஎஃப்_மக:
அக்கா நன்றி. ஆனா குடுக்குற கை எனக்குப் பிரச்சனை இல்ல, எங்க ஐயர் (பாஸ்டர்) நல்லவர். பக்கத்துல முழங்கால் போடறவர்தான். அப்புறம் கண்ணுக்குப் படலன்னா, பதினோரு வருஷம் தினமும் அம்மா அதுலதானக்கா குடிச்சாங்க.

பழைய_பொருளாளர்:
மகளே, எனக்கு எழுபத்திரெண்டு. வேறொரு சபையில பதினாலு வருஷம் கமிட்டியில இருந்தேன், கணக்குல ஒத்த ரூபாய் தப்பு வந்ததில்ல. எங்க வீட்லயும் அந்த டம்ளர் இருந்துச்சு. ஜன்னல் திண்டுல. எங்கம்மா காலத்துலேர்ந்து இருந்தது, என் மனைவியும் அப்படியே தொடர்ந்தா, நானும் பாத்துகிட்டுதான் இருந்தேன், ஆரோக்கியம் அக்கா சொன்னது சரியில்ல, கண்ணுக்கு நல்லாவே படும். சர்ச் வேற வீடு வேறன்னு நாங்களே சொல்லிக்குவோம்.

அபாத்திரமாய்னு கேட்டியே, 1 கொரிந்தியர் 11ஐ 27லேர்ந்து ஆரம்பிக்காத, 20லேர்ந்து படி. திருவிருந்து அந்தக் காலத்துல கொரிந்து சபையில ஆராதிப்பவங்க சேந்து சாப்பிடற சாப்பாடா இருந்துச்சு. வசதி உள்ளவங்க முந்தி சாப்பிட்டுட்டாங்க, ஒருவன் பசியாயிருக்கிறான், ஒருவன் வெறியாயிருக்கிறான்னு பவுல் எழுதுறாரு. இல்லாதவர்களை வெட்கப்படுத்துகிறீர்களான்னு கேட்டுட்டு, அதுக்கப்புறம்தான் அபாத்திரமாய்ங்கற வார்த்தையே வருது. நாங்க அத சினிமா பாத்தோமா, பொய் சொன்னோமான்னு சோதிச்சுப் பாக்கத்தான் வெச்சிருந்தோம். அது டம்ளரப் பத்தின வசனம்மா. உன் கசப்ப விட எங்க மாதிரி ஆளுங்கதான் அத கேட்டு பயப்படணும். அதுலயும் தன்னை சோதித்தறிந்து புசிக்கக்கடவன்னுதான் இருக்கு, வராதேன்னு இல்ல.

எனக்கு இது உறைச்சப்ப எங்க வீட்ல வேலை செஞ்ச அம்மா வேலைய விட்டு நாலு வருஷம் ஆயிருந்துச்சு. ஊரு கேஜிஎஃப் பக்கம் மாரிக்குப்பம்னு மட்டும் தெரியும், ரயிலேறிப் போய் ரெண்டு தெரு விசாரிச்சேன், அவங்க மகனோட வேற ஊருக்குப் போயிட்டாங்கன்னாங்க. அவங்க வேலை செஞ்ச அத்தன வருஷத்துல ஒருநாள் கூட அந்த மகன் பேரக் கேட்டு வெச்சுக்கல நான். மன்னிப்பு கேக்க ஆள் இல்ல. உன் விஷயத்துல அந்த கமிட்டிக்காரரு உயிரோட இருக்காரு, உங்கம்மாவும் இருக்காங்க. மத்தேயு 18:15, தனியாப் போய் சொல்லு. கமிட்டியில எழுப்பாத, அங்க போனா ரெண்டு கட்சி ஆயிரும். அந்த வேலை செய்யுற பொண்ணுக்கு வேலை போயிராம பாத்துக்கோ, அத முதல்ல யோசி.

விட்டுவந்தவன்:
ஐயா நான் இதுவரைக்கும் எந்த கமிட்டிக்காரர் வாய்லேர்ந்தும் இப்படி கேட்டதில்ல.

கேஜிஎஃப்_மக:
ஐயா ரெண்டு தடவ படிச்சேன். நேத்து ராத்திரி அம்மாகிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன், டம்ளர் விஷயத்த நாங்க ரெண்டு பேரும் இதுவரைக்கும் பேசினதே இல்ல. அம்மா ரொம்ப நேரம் பேசல. அப்புறம் அந்த டம்ளர்ல அடியில ஒரு ஒடுக்கு இருக்கும், அத கையில தடவிகிட்டே குடிப்பேன்னு சொன்னாங்க. நீ தனியா போகாத, சனிக்கிழமை நானும் வர்றேன், உனக்குக் கோவம் வந்துரும், நான் பேசிக்கிறேன்னாங்க. இப்ப அங்க இருக்குற அக்காகிட்ட நாளைக்கே பேசறோம், எங்க ஆபீஸ் கேன்டீன்ல ஆள் எடுக்குறாங்களான்னும் விசாரிக்கிறேன்.