தோளில் பார் வைத்துக் குதிகால் தூக்கும்போது பேலன்ஸ் போய்விடுகிறது

பாபநாசம்_பையன்:
வணக்கம். வயது 27, எடை 70 கிலோ. கும்பகோணம் ஜிம்முக்குப் போய்வர நேரமில்லை, அதனால் வீட்டு மொட்டை மாடியிலேயே செய்கிறேன். இரண்டு செங்கல் போட்டு அதன் மேல் முன்பாதத்தை மட்டும் வைத்து, தோளில் 40 கிலோ பாரோடு (எடை மாட்டிய இரும்புக் கம்பி) காஃப் ரெய்ஸ், அதாவது குதிகாலைத் தூக்கி இறக்கும் கெண்டைக்கால் பயிற்சி. ஏழெட்டு முறை நன்றாகப் போகும், அப்புறம் உடம்பு ஆட ஆரம்பித்து, விரலால் செங்கல்லைக் கவ்விக்கொண்டு நிற்கிற மாதிரி ஆகிவிடும். போன வாரம் இறங்கும்போது வலது செங்கல் புரண்டு, நான் பின்னால் தடுமாறி, பார் முதுகு வழியாக நழுவி விழுந்து, மாடித் தளத்தின் தட்டோடு இரண்டு உடைந்தது (அப்பாவிடம் பூனை தள்ளியது என்று சொல்லவும் முடியாது). எனக்குச் சிராய்ப்போடு போயிற்று. கெண்டைக்காலில் எரிச்சல் வருவதற்கு முன்பே பேலன்ஸ் போகிறதே, பழகினால் சரியாகுமா?

வரப்புக்காரன்:
தம்பி, முதலில் அந்தச் செங்கல்லைத் தூக்கிப் போடு. குதிகால் கீழே இறங்கும்போது மொத்த எடையும் செங்கல்லின் பின் ஓரத்தில்தான் உட்காரும், புரளாமல் என்ன செய்யும்? வீட்டு மாடிப்படியின் முதல் படி போதும், அது எங்கேயும் போகாது, பக்கத்தில் கைப்பிடியும் இருக்கும். ஐப்பசி மழையில் மொட்டை மாடி பாசி பிடித்துக் கிடக்கும்போது அங்கே பாரைத் தூக்கிக்கொண்டு நிற்பதே தப்பு.

தலையாட்டி_தஞ்சை:
எங்கள் ஊர் பொம்மை ஏன் விழுவதில்லை? அடியில் கனம், தலையில் ஒன்றுமில்லை. நீங்கள் தலைகீழாகச் செய்கிறீர்கள். 40 கிலோவைக் கழுத்துக்குக் கொண்டுபோய் வைத்துவிட்டு, நிற்கிற இடத்தை நாலு விரல்கடையாகச் சுருக்கிவிட்டீர்கள்.

ஒரு கணக்கு பாருங்கள். 70 கிலோ உடம்பு, 40 கிலோ பார், மொத்தம் 110, ஒரு காலுக்கு 55. பாரே இல்லாமல் ஒற்றைக் காலில் செய்தால் அந்தக் காலுக்கு 70! பார் எதற்கு? ஒற்றைக் காலில் 15 முறை சுலபமாக வந்தபின் ஒரு டம்பெல் எடுங்கள். எந்தக் கால் வேலை செய்கிறதோ அந்தப் பக்கக் கையில் டம்பெல், மறுகையால் சுவரையோ கைப்பிடியையோ தொட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. கணுக்கால் மூட்டுக்குள் உட்காரும் எலும்பு முன்பக்கம் அகலம், பின்பக்கம் குறுகல். நுனிக்காலில் எழும்பினால் குறுகலான பக்கம் மூட்டுக்குள் வந்து பிடி கொஞ்சம் தளரும், அந்த நேரத்தில்தான் கால் வெளிப்பக்கம் பிசகும். அதனால் எடையைச் சுண்டுவிரல் பக்கம் விடாமல் கட்டைவிரல் அடிமேட்டில் வையுங்கள். மேலே ஒரு நொடி, கீழே ஒரு நொடி நில்லுங்கள். துள்ளினால் பாதி வேலையைக் குதிகால் தசைநாணே ஸ்பிரிங் மாதிரி செய்துவிடும், தசைக்கு மிச்சம் இருக்காது.

மாயவரம்_இரும்பு:
சுவரைப் பிடித்துச் செய்வதெல்லாம் உடற்பயிற்சியா சார்? நான் 60 கிலோ பாரோடு பிடிக்காமல்தான் செய்கிறேன், பேலன்ஸும் சேர்ந்து வரும்.

தலையாட்டி_தஞ்சை:
அண்ணே, நீங்கள் தரையில் நின்று செய்கிறீர்களா, படி ஓரத்திலா? தரை என்றால் சரி, அதுவும் ரேக்குக்குள் (பார் வைக்கும் இரும்புச் சட்டம்), இரண்டு பக்கமும் தாங்கு கம்பி போட்டிருந்தால். விழுந்துவிடுவோமோ என்ற பயம் வந்தாலே உடம்பு முழுவதும் இறுகி, கெண்டைக்கால் பாதியில் நின்றுவிடும். அவருக்கு நடப்பதும் அதுதான். பேலன்ஸ் வேண்டுமென்றால் பல் தேய்க்கும்போது எடையில்லாமல் ஒற்றைக் காலில் நின்று பழகட்டும், இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்ப வேண்டாம்.

வரப்புக்காரன்:
தம்பி, குதிகாலுக்கு மேலே யாரோ உதைத்த மாதிரி 'டப்'பென்று வலித்தால் எண்ணெய் தேய்த்துக்கொண்டு உட்காராதே, அன்றைக்கே எலும்பு டாக்டரைப் பார்.

பாபநாசம்_பையன்:
இன்று மாலை மாடிப்படியில் செய்து பார்த்தேன், டம்பெல் கூட இல்லை. வலதுகாலில் 11, இடதுகாலில் 8க்கு மேல் ஏறவே இல்லை! இரண்டு காலும் சேர்ந்து தூக்கியபோது வலதுகால்தான் இழுத்துக்கொண்டு போயிருக்கிறது போல. இப்போது கீழே இறங்கவே கைப்பிடி தேவைப்படுகிறது. தட்டோடு மாற்ற ஞாயிற்றுக்கிழமை கொத்தனார் வருகிறார், செலவு என் கணக்கில்.