மனச்சிதைவு நோய்: அரசு சிகிச்சைக்கு மாறினால் என்ன நடக்கும்?

கேள்வி: அண்ணனுக்கு 34 வயது, மனச்சிதைவு நோய். தனியாரில் பார்க்கிறோம், செலவு கட்டுப்படியாகவில்லை. அரசின் மாவட்ட மனநலத் திட்டத்துக்கு மாறலாமா?

பதில் 1: தாராளமாக மாறலாம். மாவட்டத் தலைமை மருத்துவமனை மனநலப் பிரிவில் புறநோயாளிச் சீட்டு போடுங்கள். பழைய சீட்டுகள், டிஸ்சார்ஜ் சம்மரியோடு மாத்திரை அட்டைகளையும் எடுத்துப் போங்கள். கூடவே வசிப்பவர் கட்டாயம் வரவேண்டும். தூக்கம், சாப்பாடு, தனியே பேசுவது, தற்கொலை எண்ணம் எல்லாம் கேட்பார்கள். அங்கே தரும் மாத்திரையின் பிராண்டு வேறாக இருக்கும். மருந்தின் பெயரும் மில்லிகிராமும் பழையதோடு ஒத்துப்போகிறதா என்று கவுன்டரிலேயே பாருங்கள். மாறும் இடைவெளியில் மாத்திரை தீர்ந்து நோய் திரும்புவதுதான் பெரிய ஆபத்து, கையில் இரண்டு வாரத்துக்காவது இருக்கட்டும். குளோசபின் என்ற மனச்சிதைவு மாத்திரையைப் புதிதாகத் தொடங்கினால் முதல் 18 வாரம் வாராவாரம் ரத்த அணுப் பரிசோதனை உண்டு. தவறவிடாதீர்கள்.

பதில் 2: மாத்திரையைத் துப்பிவிடுகிறார் என்றால் 2 முதல் 4 வாரத்துக்கு ஒருமுறை போடும் ஊசி பற்றிக் கேளுங்கள். மாவட்ட மனநலக் குழு தாலுகா மருத்துவமனைக்கு வரும் தேதியையும் குறித்துக்கொண்டால் பஸ் செலவு மிச்சம். ஆனால் வாராவாரம் ஒரு மணி நேரக் கவுன்சிலிங்கை அங்கே எதிர்பார்க்க வேண்டாம், கூட்டம் அப்படி. அவசரத்துக்கு 14416, அரசின் மனநலத் தொலைபேசி உதவியான டெலி மானஸ். இலவசம், 24 மணி நேரமும் தமிழில் பேசலாம்.

பதில் 3: மாற்றுத்திறனாளி அட்டையையும் விடாதீர்கள். பாதிப்பு 40 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் சான்று கிடைக்கும். நல்ல நிலையில் இருக்கும்போதே, 2017 மனநலச் சட்டப்படி தன் சார்பில் பேசுபவர் யார் என்று அண்ணனே எழுதிக் கொடுக்கட்டும்.