தொட்டுவிடு சுவிட்சா, முற்பற்று ஆளியா?

மடல் 1, கோவை

அனைவருக்கும் வணக்கம். என் மாணவர்களுக்காக எழுதும், பழைய ஆடியோ கருவிகளைப் பழுதுபார்க்கும் கையேட்டை வெள்ளிக்கிழமை அச்சுக்குக் கொடுத்தாக வேண்டும். இரண்டு வகைச் சுவிட்சுக்குத் தமிழ்ப் பெயர் வைப்பதில் மாட்டிக்கொண்டேன்.

1970களின் ரிசீவர் (ரேடியோவும் ஆம்ப்ளிஃபயரும் சேர்ந்த பெட்டி) ஒன்று. இடப்பக்க ஒலி வராது. எதைக் கேட்பது என்று தேர்ந்தெடுக்கும் செலக்டர் குமிழை நாலு தடவை திருகினால் வந்துவிடும். பிரித்துப் பார்த்தால் வெள்ளிப் பூச்சுள்ள தொடுமுனைகள் கறுத்திருக்கும். கான்டாக்ட் கிளீனர் தெளித்து இருபது முப்பது தடவை திருகினால் பெரும்பாலும் சரியாகிவிடும். தேய்ந்தே போயிருந்தால் சுவிட்சை மாற்ற வேண்டும். அங்கேதான் சிக்கல். அடுத்த முனையைத் தொட்ட பிறகே பழையதை விடுவது ஒரு வகை. பழையதை விட்டுவிட்டு அடுத்ததைத் தொடுவது இன்னொரு வகை. படிப்படியாக ஒலியளவைக் கூட்டும் சுவிட்சுக்கு முதல் வகை வேண்டும்; இல்லாவிட்டால் படிக்குப் படி 'டப்' என்று ஸ்பீக்கர் அதிரும். ஒரே ஸ்பீக்கரை இரண்டு ஆம்ப்ளிஃபயருக்கு மாற்றி மாற்றிக் கொடுக்கும் சுவிட்சுக்கு இரண்டாவதுதான். தவறிப்போனால் இரண்டின் அவுட்புட்டும் ஒரு கணம் முட்டிக்கொண்டு டிரான்சிஸ்டர் போய்விடும்.

முதல் வகைக்குத் 'தொட்டுவிடு சுவிட்ச்', இரண்டாவதற்கு 'விட்டுத்தொடு சுவிட்ச்' என்று பெயர் வைத்திருக்கிறேன். சரிதானா?

மடல் 2, மதுரை

ஐயா, 'தொட்டுவிடு'வில் 'விடு' துணைவினையாகிவிடுகிறது. 'வந்துவிடு', 'சாப்பிட்டுவிடு' போலத்தான் மாணவன் படிப்பான். விடுவது அவன் காதில் விழவே விழாது. 'முன்தொடு' எனலாம், ஆனால் முறையாகப் புணர்த்தினால் 'முற்றொடு' ஆகிப் பயமுறுத்தும். என் பரிந்துரை: முற்பற்று ஆளி, முன்விடு ஆளி. பற்றை விடுவதற்காகவே ஒன்றைப் பற்றச் சொல்கிறது 350ஆம் குறள். இந்தச் சுவிட்ச் செய்வதும் அதுவேதான்.

மடல் 3, சென்னை

ஆளியா? கோயில் தூணில் வாய்பிளந்து நிற்குமே, அதுவா? கடையில் ஆளி என்று கேட்டால் விதைதான் பொட்டலம் கட்டுவார்கள்.

மடல் 4, யாழ்ப்பாணம்

எங்கள் பாடப்புத்தகங்களில் சுவிட்ச் என்றால் ஆளிதான். ஆளியைப் போடு, ஆளியை மூடு என்று படித்து வளர்ந்தவர்கள் நாங்கள். ஒருவரும் சிங்கத்தை நினைக்கவில்லை. ஆள் என்ற வினையடி, 'இ' விகுதி. மின்சாரத்தை ஆள்வது ஆளி. இதிலென்ன குறை?

மடல் 5, சென்னை

அந்தக் கணக்கில் நோயாளி நோயை ஆள்கிறாரா அண்ணா?

மடல் 6, தஞ்சை

சொல்லை விடுங்கள், கையேட்டில் அந்தக் கறுப்பை 'ஆக்சைடு' என்று எழுதிவிடாதீர்கள். வெள்ளியில் படிவது சல்ஃபைடு. காற்றில் கலந்திருக்கும் கந்தகச் சேர்மங்களின் வேலை. இதற்குக் 'களிம்பு' என்ற அழகான சொல் இருக்கிறது. உயிரோடு ஒட்டிய ஆணவ மலம் என்ற அழுக்குக்குச் சைவ சித்தாந்தம் தரும் உவமையே செம்பில் படியும் களிம்புதான். வெள்ளிக்கும் நீட்டிக்கொள்ளலாம்.

மடல் 7, கோவை

களிம்பு என்று எழுதினால் நம் பையன்கள் புளியோடு வந்துவிடுவார்கள் ஐயா. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து வெள்ளிப் பூச்சையே உரித்தெடுத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். 'கறுப்புப் படிவு' போதும்.

நேற்று வகுப்பில் 'முற்பற்று' என்று பலகையில் எழுதி வைத்தேன். "மளிகைக் கடையில் பற்று எழுதுவார்களே, அதுங்களா சார்?" என்றாள் ஒரு மாணவி. 'தொட்டபின் விடும் சுவிட்ச்' என்று மாற்றி எழுதினேன். யாரும் விளக்கம் கேட்கவில்லை. இங்கே நாலு பேர் அதற்கு ஆதரவு, இரண்டு பேர் எதிர்ப்பு. அதையே அச்சுக்கு அனுப்புகிறேன். இணையாக 'விட்டபின் தொடும் சுவிட்ச்'.

மடல் 8, மதுரை

அது சொல் அல்ல, வாக்கியம். படத்தில் அம்புக்குறி போட்டு எழுத இடம் போதுமா என்று பாருங்கள். என் எதிர்ப்பைப் பதிவுசெய்துகொள்ளவும்.

மடல் 9, யாழ்ப்பாணம்

ஆளியை ஒரு அடைப்புக்குறிக்குள்ளாவது போடுங்கோ.